குண்டோட எடையை அப்பறம் பாருங்க, முதல்ல நீளத்தை அளங்க: பேரல் ட்விஸ்ட்டுக்கு ஏத்த குண்டு பொறுக்குறது எப்படி

போன வருசம் ஒடுகத்தூர் பக்கம் எங்க மாமாவோட மாந்தோப்புல ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, என் 4.5 மில்லி (0.177 இன்ச்) ஏர் ரைஃபிளை எடுத்துக்கினு போயிருந்தேன். பின்னாடி ஆள் உயர மண்மேடு, முன்னாடி ஆம்பூர்ல செருப்பு வாங்குனப்போ வந்த அட்டைப் பெட்டி, அதுல பேனாவால வட்டம். எப்பவும் போடுற 8 கிரெய்ன் (குண்டோட எடைய சொல்ற அளவு) பெல்லட்டு 25 மீட்டர்ல ஒரு ரூபா காயின் மறைக்கிற அளவுக்குள்ள அஞ்சும் விழுந்துச்சு. சரின்னு புதுசா வாங்குன 16 கிரெய்ன் ஸ்லக்கை, அதாவது இடுப்பு ஒடுங்காத நீட்டு குண்டை, போட்டேன். முதல் ஷாட் வட்டத்துக்கு வெளிய, ரெண்டாவது அட்டையோட ஓரத்துல, மூணாவது எங்க போச்சுன்னே தெரியல. கிட்ட போய் பாத்தா ஓட்டை ரவுண்டாவே இல்ல, சாவி போடுற ஓட்டை மாதிரி நீட்டமா, ஒரு பக்கம் அட்டை கிழிஞ்சு உள்பக்கமா மடங்கி இருந்துச்சு. கையில இருந்த ஸ்கேலை வெச்சு அளந்தேன், 7 மில்லி நீளம். அதாவது குண்டு மூக்கால குத்தல, படுத்துக்கினு போய் அறைஞ்சிருக்கு.

கடையில சொன்னது இன்னான்னா, கனமா இருந்தா காத்து தள்ளாதுன்னு. அதுல பாதி உண்மை. மீதி பாதிய அவரும் சொல்லல, நானும் கேக்கல, ரெண்டு டப்பா காசு போச்சு. அந்த மீதி பாதி தான் இந்த பதிவு. ஏர் ரைஃபிள், கிளப்ல .22 (இந்த நம்பர் குழலோட விட்டம், இன்ச்சுல), வீட்டுல லைசன்ஸோட தாத்தா காலத்து ஸ்போர்ட்டிங் ரைஃபிள், எது வெச்சிருந்தாலும் கணக்கு ஒண்ணு தான்.

முதல்ல ட்விஸ்ட்னா இன்னான்னு பாத்துடலாம். பேரல் உள்ள சுருள் சுருளா வெட்டியிருக்குற கோடுங்க தான் ரைஃப்ளிங், அந்த கோடு ஒரு முழு சுத்து சுத்தி முடிக்க எவ்ளோ நீளம் எடுத்துக்குதோ அது தான் ட்விஸ்ட். 1:16னா 16 இன்ச்ல ஒரு சுத்து, 1:8னா 8 இன்ச்சுலயே ஒரு சுத்து. பின்னாடி இருக்குற நம்பர் சின்னதாக ஆக சுத்து வேகம். நிறைய பேர் இதை தலைகீழா புரிஞ்சிக்கிறாங்க, அதனால இதை ஒரு தடவை மனசுல நல்லா ஏத்திக்கோங்க. இந்த சுருள் இல்லாத குழலும் இருக்கு, நாட்டுத் துப்பாக்கி அப்படித்தான், 1806 ஜூலைல நம்ம வேலூர் கோட்டையில சிப்பாய்ங்க எழுந்தப்போ கையில இருந்த மஸ்கட்டும் அப்படித்தான், உள்ள வழவழன்னு இருக்கும், ஈயக் குண்டு உருண்டையா இருக்கும். உருண்டைக்கு மூக்கும் கிடையாது வாலும் கிடையாது, அது எப்படி திரும்புனா இன்னா. மூக்கு வெச்ச நீட்டமான குண்டு வந்தப்பறம் தான் சுத்து இல்லாம வேலைக்கு ஆகாதுன்னு ஆச்சு.

ஏன் சுத்தணும்னு எனக்கு புரிய வெச்சது எங்க பெரியப்பா. கம்மவான்பேட்டைக்காரர், அந்த ஊரை ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்துல இருப்பாங்க. நான் காலேஜ்ல என்சிசி சேந்து .22ல முதல் தடவ ஃபயரிங் போய்ட்டு வந்து பெருமையா சொல்லிக்கினு இருந்தப்போ, "டேய், பம்பரம் வுட்டிருக்க இல்ல, குட்டப் பம்பரம் லேசா சுத்துனாலே நிக்கும், அதே கட்டைல நீட்டமா ஒண்ணு கடைஞ்சு வுடு, சாட்டைய எவ்ளோ இறுக்கி சுத்தி இழுக்கணும்னு தெரியும்"னாரு. இதுல பெரியப்பா ஒரு வார்த்தை கூட எடைய பத்தி பேசல, கவனிச்சீங்களா? நீளம், நீளம் மட்டும் தான். குண்டு போற வழியில காத்து அதோட மூக்கை தூக்கி கவுக்கப் பாக்கும், குண்டு எவ்ளோ நீளமோ அவ்ளோ சுலபமா கவுத்துடும், அதை தாங்க வேகமா சுத்தணும். ஒரே விட்டத்துல எடைய ஏத்தணும்னா நீளமா தான் செய்ய முடியும், அதனால தான் எல்லாரும் சுருக்கமா "கனமான குண்டுக்கு வேகமான ட்விஸ்ட்"னு சொல்லிட்டு போயிடறாங்க.

எடைய நம்பி மோசம் போகக் கூடாதுங்கறதுக்கு பெரியப்பா ட்ரெயினிங்ல சுட்ட .303 ரைஃபிளே நல்ல உதாரணம். அதுல முதல்ல 215 கிரெய்ன் மொட்ட மூக்கு குண்டு, 1910ல மார்க் 7னு 174 கிரெய்ன் கூர்மூக்கு குண்டு வந்துச்சு. 41 கிரெய்ன் குறைஞ்சிடுச்சே, ட்விஸ்ட்டையும் மாத்தியிருப்பாங்கன்னு நினைப்போம், மாத்தல, அதே 10 இன்ச்சுல ஒரு சுத்து, இடது பக்கமா. ஏன்னா மூக்குப் பக்கம் உள்ள ஈயத்துக்கு பதிலா அலுமினியம் மாதிரி லேசான பொருளை வெச்சுட்டாங்க, எடை தான் குறைஞ்சுது, நீளம் பெருசா குறையல. முழு காப்பர்ல செய்யற குண்டும் இதே கதை தான், காப்பரோட அடர்த்தி கிட்டத்தட்ட 8.9, ஈயத்துக்கு 11.3, அப்போ அதே 150 கிரெய்ன் வேணும்னா காப்பர் குண்டு நீளமா இருக்கும், ஈயக் குண்டு நல்லா போன பேரல்ல இது தடுமாறலாம். டப்பா மேல ரெண்டுலயும் 150னு தான் போட்டிருக்கும்.

சரி வேலைக்கு வருவோம். உங்க பேரலோட ட்விஸ்ட் இன்னான்னு முதல்ல தெரியணும். சில பேரல்ல மேலயே அடிச்சிருப்பாங்க, ஆனா பழைய ரைஃபிளா இருந்தா, பேரல் மாத்துன ரைஃபிளா இருந்தா, கேட்லாக்ல இருக்குன்னு நம்பாதீங்க, அளந்துடுங்க. அதுக்கு வேண்டியது க்ளீனிங் ராட், துணித் துண்டு, மாஸ்கிங் டேப், பேனா, ஸ்கேல், அவ்ளோதான். ராடோட கைப்பிடி தனியா சுத்துற மாதிரி இருக்கணும், உள்ள பேரிங் வெச்சது, கைப்பிடியும் ராடும் ஒண்ணா இறுகி இருந்தா துணி ரைஃப்ளிங்ல வழுக்கிடும், கணக்கு தப்பாயிடும்.

முதல் வேலை, மேகசின் கழட்டுங்க, போல்ட்டை முழுசா வெளிய எடுங்க, சேம்பர்ல, அதாவது தோட்டா உக்கார்ற இடத்துல, விரலை வுட்டு பாருங்க, கண்ணால பாத்தது போதாது. குண்டு இருக்குற டப்பாவை அடுத்த ரூம்ல வெச்சுட்டு வாங்க. அப்பால துணிய கொஞ்சம் கனமா மடிச்சு ராட் நுனில மாட்டி பேரலுக்குள்ள தள்ளுங்க, தள்ளும்போது இறுக்கமா இருக்கணும், லூசா சர்ருன்னு போச்சுன்னா இன்னொரு மடிப்பு சேருங்க. கொஞ்ச தூரம் உள்ள போனதும் நிறுத்தி, ராடோட மேல் பக்கம் நேரா வானத்த பாக்குற மாதிரி ஒரு சின்ன டேப்பை கொடி மாதிரி ஒட்டுங்க. பேரல் வாய்க்கு சரியா ராடு மேல பேனாவால ஒரு கோடு. இப்போ மெதுவா, நிறுத்தாம, ஒரே சீரா இழுங்க இல்ல தள்ளுங்க, அந்தக் கொடி அப்படியே சாய்ஞ்சு கீழ போய் அந்தப்பக்கமா ஏறி திரும்ப மேல வந்து நிக்கும், பாக்கவே நல்லா இருக்கும். வந்து நின்ன இடத்துல பேரல் வாய்க்கு இன்னொரு கோடு போடுங்க. ரெண்டு கோட்டுக்கும் நடுவுல எவ்ளோ இன்ச்சோ அது தான் ட்விஸ்ட். பேரல் சின்னதா இருந்து முழு சுத்து வரலன்னா அரை சுத்து அளந்து ரெண்டால பெருக்குங்க. மூணு தடவ செய்ங்க, மூணும் கால் இன்ச்சுக்குள்ள ஒத்து வந்தா தான் எழுதணும். என் ஏர் ரைஃபிள்ல மூணு தடவையும் 17.7 இன்ச்சை ஒட்டியே வந்துச்சு, அதாவது 450 மில்லி.

அடுத்து குண்டோட நீளம். இங்க ஒரு விசயம் கண்டிப்பா சொல்லணும், ரெடியா இருக்குற தோட்டாவுலருந்து குண்டை புடுங்கி அளக்குற வேலை வேணவே வேணாம், உள்ள மருந்து இருக்கு, அதை பிரிக்கறது ஆபத்து. குண்டு செய்யற கம்பெனிங்க நீளத்தை போட்டே வெச்சிருக்காங்க, அதை எடுத்துக்கோங்க. ஏர் ரைஃபிள் பெல்லட்டு, ஸ்லக்கு மட்டும் நேரடியா அளக்கலாம், அதுல மருந்து கிடையாது. வெர்னியர் (நுணுக்கமா நீளம் அளக்குற கருவி) இல்லன்னா ராணிப்பேட்டை, காட்பாடி பக்கம் எந்த லேத் பட்டறைல கேட்டாலும் ரெண்டு நிமிசத்துல அளந்து குடுத்துடுவாங்க, ஒரு பத்து உருப்படி அளந்து சராசரி எடுங்க, ஈயம் மெத்துன்னு இருக்கறதால வெர்னியரை அமுக்காதீங்க. என் ஸ்லக்கு 0.31 இன்ச்.

இப்போ கணக்கு. 1879ல இங்கிலாந்துல வூல்விச் ராணுவ அகாடமில கணக்கு வாத்தியாரா இருந்த கிரீன்ஹில்னு ஒருத்தர் போட்டு வெச்ச சூத்திரம், பென்சில் பேப்பர் இருந்தா போதும், இன்னிக்கும் முதல் பார்வைக்கு இதை விட சுலபமானது இல்ல. குண்டோட விட்டத்தை அதாலயே பெருக்குங்க, அதை 150ஆல பெருக்குங்க, வர்றதை குண்டோட நீளத்தால வகுங்க, எல்லாமே இன்ச்சுல. கிடைக்கிற நம்பர் தான் வேண்டிய ட்விஸ்ட், உங்க பேரல் நம்பர் அதுக்கு சமமாவோ அதை விட சின்னதாவோ இருந்தா நிம்மதி. குண்டு விநாடிக்கு 2800 அடிக்கு மேல போகுதுன்னா 150க்கு பதில் 180 போடுவாங்க.

என் ஸ்லக்கை போட்டு பாருங்க. 0.177ஐ 0.177ஆல பெருக்குனா 0.0313, இன்டு 150 பண்ணா 4.7, அதை 0.31ஆல வகுத்தா 15.2. என் பேரல் 17.7. அட்டையில இருந்த அந்த நீட்டு ஓட்டைக்கு காரணம் இந்த ரெண்டரை இன்ச்சு தான். வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிசம் உக்காந்து இந்த கணக்கை போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

அப்போ சாதா பெல்லட்டு ஏன் எந்த ஏர் ரைஃபிள்லயும் ஒழுங்கா போகுதுன்னு கேப்பீங்க. இடுப்பு ஒடுங்கி பின்னாடி பாவாடை விரிஞ்ச மாதிரி இருக்கு பாருங்க, அந்தப் பாவாடையை காத்து பிடிச்சு பின்னாடி இழுக்கறதால அது இறகுப்பந்து மாதிரி தானாவே நேரா நிக்கும், ரைஃப்ளிங் சுத்து அதுக்கு கூடுதல் உதவி தான். ஸ்லக்குக்கு அந்தப் பாவாடை கிடையாது, அது முழுக்க சுத்தை மட்டுமே நம்பி பறக்குது.

கிளப்ல .22 சுடறவங்களுக்கு நல்ல சேதி. 40 கிரெய்ன் குண்டு, விட்டம் 0.223, நீளம் சுமாரா 0.46 இன்ச், கணக்கு போட்டா 16.2 வருது, உலகத்துல பெரும்பாலான .22 பேரல் 1:16 தான், பொருத்தம் கன கச்சிதம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் த்ரீ பொசிஷன்ல வெண்கலம் ஜெயிச்சது இந்த .22 ஈவன்ட்ல தான். உங்க கிட்ட குரூப் (அட்டையில ஓட்டைங்க சேந்து விழுற கூட்டம்) விரியுதுன்னா ட்விஸ்ட்டை குத்தம் சொல்லாம, வேற வேற லாட் (கம்பெனி ஒரு தடவைல செஞ்ச தொகுதி) தோட்டா வாங்கி சுட்டு பாருங்க, வித்தியாசம் அங்க தான் இருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, வெளிநாட்டுல .22க்கு 60 கிரெய்ன் குண்டு போட்ட தோட்டா விக்குது, அது 1:16 பேரல்ல கவுந்து கவுந்து தான் போகும், 1:9 மாதிரி வேணும் அதுக்கு.

பெரிய ரைஃபிளுக்கு கிரீன்ஹில் மட்டும் போதாது, பாதுகாப்பான பக்கமா கொஞ்சம் தள்ளியே சொல்லும். .308 ரைஃபிள்ல போட்டிக்குன்னு செய்யற 168 கிரெய்ன் மேட்ச் குண்டு 1.215 இன்ச் நீளம், கிரீன்ஹில் கணக்குல 11.7 வருது, ஆனா 1:12 பேரல்ல அந்த குண்டு காலங்காலமா அருமையா போய்க்கினு தான் இருக்கு. இந்த மாதிரி இடத்துக்கு 2005ல டான் மில்லர் கொண்டு வந்த ரூல் தான் சரி, அதுல எடை, நீளம், விட்டம், வேகம், வெப்பநிலை, காத்தழுத்தம் எல்லாம் சேரும், கையால போட வேணாம், நெட்ல கால்குலேட்டர் ஃப்ரீயா இருக்கு. அது ஒரு நம்பர் குடுக்கும், ஸ்டெபிலிட்டி, அதாவது குண்டு எவ்ளோ நிலையா பறக்கும்னு. 1க்கு கீழ வந்தா குண்டு கவுந்துடும், 1க்கும் 1.4க்கும் நடுவுல வந்தா இன்னிக்கு போகும் நாளைக்கு போகாது, 1.5 வந்தா தைரியமா வாங்கலாம். அந்த 168க்கு 1:12ல 1.7 வருது. 175, 180னு மேல போறவங்க 1:10 எடுக்கறது தான் வழக்கம். .223 ரைஃபிள்ல 55 கிரெய்ன் வரைக்கும் 1:12 ஓகே, 69 மாதிரி குண்டுக்கு 1:9, 77க்கு 1:8, அதுக்கு மேல நீளமானதுக்கு 1:7. அந்த 77ஐ கொண்டு போய் 1:12ல போட்டா நம்பர் 0.8க்கு வந்துடுது, அட்டையில சாவி ஓட்டை தான்.

வெப்பநிலைய ஏன் சேக்கறாங்கன்னு நம்ம ஊர்க்காரங்க நல்லா தெரிஞ்சிக்கணும், ஏன்னா நாம ஏமாறுறது இங்க தான். சூடான காத்து லேசு, குண்டை கவுக்கற பலம் அதுக்கு கம்மி. வேலூர்ல அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரில 1.4 காட்டுற குண்டு, ஜனவரில டெல்லி துக்ளகாபாத் ரேஞ்ச்ல 5 டிகிரி குளிர்ல 1.25க்கு இறங்கிடும், பேரலும் அதே, குண்டும் அதே. ஏலகிரி மேல ஏறுனாலும் காத்து மெலிசு தான், அங்க நல்லா போச்சேன்னு கீழ வந்து நம்ப முடியாது. அமெரிக்க ராணுவமே இதுல அடி வாங்கியிருக்கு. எம்16 ரைஃபிளோட ஆரம்ப பேரல் 1:14, 55 கிரெய்ன் குண்டு, சாதாரண நாள்ல மில்லர் நம்பர் கிட்டத்தட்ட 1, அதாவது கயித்து மேல நடக்கற கதை, ஆர்க்டிக் குளிர்ல டெஸ்ட் பண்ணப்போ குண்டு நேரா போகல, 1963ல 1:12க்கு மாத்துனாங்க. பின்னாடி நீளமான 62 கிரெய்ன் குண்டும் அதை விட நீளமான ட்ரேசரும் (போற வழி தெரிய ஒளி விட்டுக்கினே போற குண்டு) வந்தப்போ எம்16ஏ2வுல நேரா 1:7க்கு போய்ட்டாங்க. அதனால எப்பவும் உங்களுக்கு வர்றதுலயே மோசமான குளிரை போட்டு கணக்கு பாருங்க, மே மாசத்தை போட்டு பாக்காதீங்க.

அப்போ எல்லாத்துக்கும் வேகமான ட்விஸ்ட்டே வாங்கிடலாமான்னா, என் அபிப்பிராயம், சந்தேகம் வந்தா ஒரு படி வேகமானதையே எடுங்க, அதுல நஷ்டம் கம்மி. ஆனா சும்மா எகிறக் கூடாது. விநாடிக்கு 3200 அடி வேகத்துல 1:12 பேரல்ல குண்டு நிமிசத்துக்கு 1,92,000 சுத்து சுத்துது, அதையே 1:7ல போட்டா 3,29,000. மேல தோல் மெலிசா இருக்கற லேசான குண்டு அந்த சுத்துல பேரலை விட்டு வந்ததும் காத்துலயே பிஞ்சு போகலாம். பிஞ்சு போகலன்னாலும் குண்டுக்குள்ள ஈயம் ஒரு பக்கம் மயிரிழை கனமா இருந்தா, சுத்து ஏற ஏற அந்தக் குறை பெருசாகி குரூப் விரியும். சைக்கிள் சக்கரத்துல கோட்டம் இருந்தா மெதுவா போறப்போ தெரியாது, பாலாத்து பாலம் இறக்கத்துல வுட்டா ஹேண்டில் ஆடும் பாருங்க, அதே தான்.

கணக்கு எல்லாம் சரியா வந்தாலும் பேப்பர்ல சுட்டு பாத்து தான் முடிவு. ஒரு முழு டப்பா வாங்காம கிளப்ல யார் கிட்டயாவது பத்து மட்டும் வாங்கி, ரேஞ்ச்ல முதல்ல 25 மீட்டர்ல பெரிய சார்ட் பேப்பரை வெச்சு சுடுங்க, கவுந்தா எங்க போய் விழும்னு சொல்ல முடியாது, அதனால பேப்பர் பெருசா இருக்கணும், பின்னாடி தடுப்பு அதை விட பெருசா இருக்கணும். அட்டையை விட கெட்டியான பேப்பர் நல்லது, ஓட்டை சுத்தமா விழும். கிட்ட போய் ஒவ்வொரு ஓட்டையையும் பாருங்க. பஞ்சிங் மெஷின்ல போட்ட மாதிரி ரவுண்டா, சுத்தி ஒரே சீரா கரி வளையம் இருந்தா நல்லது. லேசா முட்டை வடிவம், கரி ஒரு பக்கம் மட்டும் அடர்த்தியா இருந்தா குண்டு ஆடிக்கினு போகுதுன்னு அர்த்தம், அதை "பரவால்ல, வட்டத்துக்குள்ள தானே விழுது"ன்னு விடாதீங்க, 25ல ஆடுறது 50ல கவுந்துடும். அஞ்சு அஞ்சா மூணு குரூப் சுட்டு ரவுண்டா வந்தா தூரத்தை ஏத்துங்க.

நான் இப்போ துப்பாக்கி பெட்டி மூடிக்கு உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி அதுல எழுதி வெச்சிருக்கேன்: ட்விஸ்ட் 17.7, ஸ்லக்கு நீளம் 0.26க்கு மேல கூடாது, சுட்ட தேதி, அன்னிக்கு வெயில் எவ்ளோ. கடைக்கு போறப்போ அதை போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கினு போறேன், டப்பாவை திருப்பி நீளம் எங்க போட்டிருக்குன்னு தேடுறேன், போடலன்னா ஒரு பத்து பீஸ் மட்டும் குடுங்கன்னு கேட்டு வாங்கிக்கினு வந்து முதல்ல பட்டறை வெர்னியர்ல தான் வெக்கறேன்.